கண்ணு முன்னால பிரி

எங்கள் பக்கத்தில் குழந்தைக்கு மொட்டை போடுகிற விசேஷம் என்றால் வருகிறவர்கள் சீர்த்தட்டில் வாழைப்பழம் வைப்பார்கள், வளையல் வைப்பார்கள், தாராள மனசுக்காரர்கள் வெள்ளிக் கொலுசு வைப்பார்கள். நர்சம்மா மட்டும் ஒரு பிளேடு பாக்கெட் வைப்பார். வைத்துவிட்டு நேரே பந்திக்குப் போகிற ஆளும் இல்லை. கத்தி பிடிக்கிறவனுக்கு எதிரே வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, உச்சி வெயிலில் நிற்பார்.

"கண்ணு முன்னால பிரி."

பிரித்துக் காட்டினால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். மேளக்காரர் காத்திருப்பார். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிடும். பந்தலில் யாரோ "நேரமாவுதே" என்று முனகுவார்கள். நர்சம்மா அசைய மாட்டார்.

கத்தி பிடிக்கிறவன் நான்தான். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறேன். மூன்று நாற்காலி, இரண்டு கண்ணாடி, ஒரு டிவி. குலதெய்வக் கோயில் மொட்டை என்றால் இந்தப் பக்கம் மாமல்லபுரத்திலிருந்து அந்தப் பக்கம் செங்கல்பட்டு வரைக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். என் கை அப்படி. குழந்தை தூங்கிக்கொண்டே மொட்டையாகிவிடும் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரை நானே நம்பி, கொஞ்சம் திமிரோடு திரிந்த காலம் அது.

நர்சம்மாவின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. கேட்டிருக்கலாம். ஊரே நர்சம்மா என்று கூப்பிடும்போது தனியாக ஒரு பெயர் எதற்கு என்று விட்டுவிட்டேன். என் போனில் 'நர்சம்மா பிளேடு' என்றுதான் இருந்தது. கருங்குழிக்காரர் என்பதும், கடற்கரை ஓரத்து ஐந்தாறு கிராமங்களுக்கு அரசாங்க கிராம நர்ஸ் என்பதும், ஸ்கூட்டரில் தடுப்பூசிப் பெட்டியை வைத்துக்கொண்டு மணல் பாதையிலும் விழாமல் ஓட்டுவார் என்பதும் தெரியும். அவ்வளவுதான்.

அவரை நான் முதலில் சந்தித்ததே சண்டையில்தான்.

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே சவுக்குத் தோப்புக்குள் ஒரு குலதெய்வக் கோயில். அண்ணன் தம்பிகள் மூன்று பேர் சேர்ந்து, ஆளுக்கொரு குழந்தையாக மூன்று குழந்தைகளுக்கும் ஒரே நாளில் மொட்டை வைத்திருந்தார்கள். பங்காளிகள் இப்படிச் சேர்ந்து வைப்பது எங்கள் பக்கத்தில் சகஜம். ஒரே பந்தல், ஒரே கிடா, ஒரே சமையல்காரர். எங்கள் தொழிலிலும் ஒரு சகஜம் உண்டு. பிளேடை நடுவில் ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகுவோம். மீதிப் பாதியை அதன் காகிதத்திலேயே மடித்து வைத்துக்கொள்வோம். அன்றைக்கு முதல் குழந்தைக்குச் செருகிய பாதியை வைத்தே இரண்டாவது குழந்தையையும் முடித்துவிட்டு, மூன்றாவது தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணாத்த, ஒரு நிமிசம். பிளேடு மாத்துனியா?"

நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பதைத் தொட்ட ஒரு அம்மா. தோளில் பை, மூக்கு நுனியில் கண்ணாடி, கட்டிய கை.

"எதுக்கு மாத்தணும்? மூணும் ஒரே வூட்டுப் புள்ளைங்கம்மா. ஒரே ரத்தம்" என்றேன். அதை நான் கர்வமாகத்தான் சொன்னேன். எங்கள் அப்பா சொல்வார், தாத்தாவும் சொல்லியிருப்பார்.

"பங்காளின்னா சொத்துல பங்கு குடுப்பா. வியாதியில எதுக்குப் பங்கு?"

பந்தலே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. காகிதத்தைப் பிரித்து மீதிப் பாதியை எடுத்து நீட்டினேன். "இந்தாம்மா, புதுசு. போதுமா?"

அவர் குனிந்து காகிதத்துக்குள் பார்த்தார். "இது யாரோட பாதி?"

நானும் பார்த்தேன். காகிதத்துக்குள் இன்னும் இரண்டு பாதிகள் கிடந்தன. கையில் ஒன்று, கத்தியில் ஒன்று. ஒரு பிளேடை ஒடித்தால் இரண்டு பாதிதான் வரும் என்பது எனக்கும் தெரியும். மற்ற இரண்டும் எந்த ஊரில் எந்த மண்டையில் வேலை பார்த்தவை என்று சத்தியமாகத் தெரியவில்லை.

அவர் திட்டவில்லை. பையிலிருந்து புது பாக்கெட் ஒன்றையும், மூடியில் நீளமாக ஓட்டை போட்ட ஒரு பழைய பால் பவுடர் டப்பாவையும் எடுத்து என் பக்கத்தில் வைத்தார். "ஒரு கொழந்தைக்கு ஒரு பிளேடு. வேல முடிஞ்சதும் ரெண்டு பாதியும் டப்பாவுல விழணும். ஒண்ணு வுழுந்து ஒண்ணு வுழலன்னா நான் வூட்டுக்குப் போவ மாட்டேன்." அன்றைக்கு நிஜமாகவே டப்பாவுக்குள் 'டங்' 'டங்' என்று இரண்டு சத்தம் கேட்ட பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிடும்போது அந்த மூன்று குழந்தைகளின் அம்மாக்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஊசி அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அதையும் 'போட்டாச்சு' என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். அட்டையைப் பிரித்து விரலை வைத்துக் காட்ட வேண்டும்.

இனி இந்த அம்மா இருக்கிற மொட்டைக்கு நான் போவதில்லை என்று அன்று சபதம் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே என் கடைக்கு வந்துவிட்டார்.

ஞாயிறு காலை என் கடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெஞ்சில் இடம் இருக்காது. ஆண்கள் மட்டும் புழங்குகிற அந்தக் கூட்டத்துக்குள் நர்சம்மா பாட்டுக்கு நுழைந்து, கண்ணாடி மேடையில் இருந்த படிகாரக் கட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சவரத்தில் கீறல் விழுந்தால் ரத்தம் நிற்பதற்குத் தேய்க்கிற கட்டி.

"இது எத்தினி பேரு கன்னத்தப் பாத்துக்கீது?"

"வாங்கி ஆறு மாசம் இருக்கும்மா."

"ஆறு மாசத்து ரத்தமும் இதுல கீது." குப்பைக் கூடையில் போட்டார். பெஞ்சில் இருந்த நாலைந்து பேர் தங்களை அறியாமல் கன்னத்தைத் தடவிக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் வேடிக்கை.

"தம்பி, எனுக்கு ஒரு ஒதவி. ஊசி போடற அன்னிக்கு அம்மாக்காரிங்க வராங்க. அப்பனுங்க வர மாட்டாங்க. 'அவரு வாணாம்னு சொல்ட்டாரு, மாமியாரு வாணாம்னு சொல்ட்டாங்க'ன்னு அதுங்க அழுவுதுங்க. இந்த அப்பனுங்கள நான் எங்க போய்ப் புடிக்கறது? உன் கடையிலதான் மூஞ்சியில சோப்பத் தடவிகினு உக்காந்துகீறானுங்க. எழுந்து ஓட முடியாது பாரு."

அப்படித்தான் என் சலூன் அவருடைய பள்ளிக்கூடம் ஆனது. மாதத்தில் இரண்டு ஞாயிறு. டிவியை நிறுத்திவிடுவார். யார் வீட்டில் பிரசவம் நெருங்குகிறது என்பது அவருக்குத் தெரியும். நேரே அந்த ஆளின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்பார்.

ஒருநாள் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் மாட்டினார். ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் நுரையோடு இருந்தார். "பொறந்த அன்னிக்கே ஊசியா நர்சம்மா? பச்ச மண்ணு. கொஞ்சம் தெம்பு வந்தப்புறம் போட்டா ஆவாதா?"

"நல்லா கேட்ட. பெரிய ஆளுங்களுக்கு இந்த ஹெபடைடிஸ் பி கிருமி வந்தா பெரும்பாலும் வந்த வழியே போயிடும். பச்சக் கொழந்தைக்கு வந்தா போவாது. ஈரல்ல குடித்தனம் வெச்சிடும். வெளிய ஒண்ணுமே தெரியாது. ஓடும், ஆடும், படிக்கும், கல்யாணம் பண்ணும். பல வருசம் கழிச்சு ஈரலக் கெடுக்கும்போதுதான் தெரியும். அதனாலதான் அது வர்றதுக்கு முன்னாடி கதவ சாத்தறோம். பொறந்து இருவத்திநாலு மணி நேரத்துக்குள்ள ஒண்ணு. அப்புறம் ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூணரை மாசத்துல ஒண்ணு ஒண்ணு. எங்க, திருப்பிச் சொல்லு."

அவர் விழித்தார். நர்சம்மா என்னைப் பார்த்தார். "இவன் சொல்ற வரைக்கும் அடுத்த கன்னத்தத் தொடாத."

ஆட்டோக்காரர் மூன்று தடவை தப்பும் தவறுமாகச் சொல்லி, நாலாவது தடவை சரியாகச் சொன்ன பிறகுதான் நான் கத்தியை எடுத்தேன். அதற்குள் நுரை காய்ந்து உதிர்ந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்களுக்கெல்லாம் அது மனப்பாடம். அந்த வருஷம் எங்கள் தெருவில் எந்த ஆம்பளையை எழுப்பிக் கேட்டாலும் ஒன்றரை, ரெண்டரை, மூணரை என்று சொல்லியிருப்பான்.

கோபம் எப்போது போனது என்று தெரியவில்லை. அவர் வராத ஞாயிறுகளில் கடை வெறிச்சென்று இருந்தது. கிண்டலும் ஒரு காரணம். அந்த அம்மாவைக் கிண்டல் செய்வதற்கு விஷயமா இல்லை? டீக்கடையில் பிஸ்கட்டை டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார், பாக்கெட்டைக் கண் முன்னால் பிரிக்க வேண்டும். ஒருமுறை ஸ்கூட்டரிலிருந்து விழுந்து அவருக்கே ஊசி போட வேண்டியிருந்தபோது, போட வந்த இன்னொரு நர்சிடம் ஊசி உறையைப் பிரித்துக் காட்டச் சொன்னாராம். 'இருவத்தியஞ்சு வருசமா ஒண்ணா வேல பாக்கறோமே' என்று அந்த அம்மா வருத்தப்பட்டதற்கு, 'நான் போட்டுக்கினாலும் என் கண்ணு முன்னாலதான் பிரிப்பேன்' என்றாராம். அவர் கல்யாணத்தில் தாலி டப்பாவையே பிரித்துக் காட்டச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான்.

எனக்குக் கல்யாணமாகி, என் மனைவி உண்டாகியிருந்தாள். அத்தை மகள்தான். மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்தவள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தாள். கை கழுவினதும் சொன்னாள். "நர்சம்மா தனியா கூப்ட்டு உக்கார வெச்சு சொன்னாங்க. எனுக்கு அந்தக் கிருமி கீதாம். மஞ்சக்காமாலை பி."

அவள் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. எப்போதும் போல மை தீட்டிய கண்.

"கண்ணுல தெரியாதாம்" என்றாள். "நீதான ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கேக்கற?"

கேட்டதுதான். ஊரார் கன்னத்துக்கு நடுவில் நின்று கேட்டதெல்லாம் ஊராருக்கு என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. உள்ளே ஷட்டரை இறக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு முதல் மொட்டை போட்டது என் அப்பா. அத்தை அதைப் பெருமையாக நூறு தடவை சொல்லியிருக்கிறார்: எங்கள் வீட்டுக் குழந்தைகள் ஏழு பேரை வரிசையாக உட்கார வைத்து, ஒரே கத்தியில், ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் தன் அண்ணன் மழித்ததாக. ஒரே ரத்தம். அந்த வரிசையில் எனக்கு முன்னால் யார் உட்கார்ந்தது, அவளுக்கு முன்னால் யார் என்று நினைத்து நினைத்துத் தலை வெடித்தது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்க ஆள் இல்லை. அதற்குப் பிறகு நான் மழித்த தலைகள் எத்தனை, காகிதத்தில் கலந்த பாதிகள் எத்தனை என்று எண்ண ஆரம்பித்து, நடுவில் விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் ஷட்டரை யாரோ தட்டினார்கள். நர்சம்மா. உள்ளே வந்து சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றி என் பக்கம் திரும்பினார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எங்க நைனாதான் குடுத்துட்டாரா நர்சம்மா? உண்மைய சொல்லுங்க."

"தெரியாதுப்பா. அவ பொறக்கும்போதே அவங்கம்மா கிட்டேருந்து வந்திருக்கலாம். கத்தியில வந்திருக்கலாம். காது குத்தும்போது வந்திருக்கலாம். எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. உங்க நைனா காலத்துல அவருக்கு யாரு சொன்னாங்க? உனுக்கே நான் வந்துதான சொன்னேன்? எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டிகினு கெடக்காத. எங்க போவக் கூடாதோ அந்த வாசல அடைப்போம். அதுக்கு நெறைய நாள் கீது நமக்கு."

"கொழந்தைக்கு வராதா?"

அவர் உடனே 'வராது' என்று சொல்லிவிடவில்லை. அந்த அம்மாவுக்குப் பொய் வராது. "ஒண்ணும் பண்ணாம வுட்டா வரும், பெரும்பாலும் பிரசவத்துலதான். பண்ண வேண்டியதப் பண்ணா பெரும்பாலும் தடுத்துடலாம். டாக்டரு அவ ரத்தத்துல கிருமி எவ்ளோ கீதுன்னு பாப்பாரு, மாத்திர வேணும்னா குடுப்பாரு. பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியிலதான். பொறந்ததும் ரெண்டு ஊசி. ஒண்ணு எல்லாக் கொழந்தைக்கும் போடறது. இன்னொண்ணு இந்த மாதிரி கொழந்தைங்களுக்குன்னு. மத்தது நீதான் மனப்பாடமா சொல்லுவியே."

"ஒன்றரை, ரெண்டரை, மூணரை" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து ஷட்டரை முழுசாக மேலே தூக்கிவிட்டார். வெளியே இரண்டு பேர் தாடியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

எனக்கும் என் அம்மாவுக்கும் பரிசோதனை செய்தார்கள். இருவருக்கும் கிருமி இல்லை. இருவருக்கும் தடுப்பூசி போட்டார்கள். எனக்குப் போடும்போது உறையை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்துக்கோ, அப்புறம் பேசக் கூடாது" என்று சொல்லிப் பிரித்தார் நர்சம்மா.

வீட்டில்தான் பெரும் பேஜாராக இருந்தது. காமாலை என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மா கீழாநெல்லியை அரைக்க ஆரம்பித்துவிட்டார். எண்ணெய் கூடாது, தாளிக்கக் கூடாது என்று என் மனைவியை நாக்கு செத்துப்போக வைத்தார். அதோடு நிற்காமல் அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். அவள் அந்தத் தட்டிலேயே சாப்பிடுவாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அம்மாவிடம் எதிர்த்துச் சொல்லவும் வாய் வரவில்லை.

ஒரு நாள் காலை நர்சம்மா வந்தபோது என் மனைவி அந்தத் தனித் தட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நர்சம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "எனுக்கும் பசிக்குது" என்று அவள் தட்டிலிருந்தே ஒரு விள்ளல் பிய்த்து, சட்னியில் தோய்த்து வாயில் போட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணு முன்னால பாத்துக்கோங்கம்மா. ஒரே தட்டுல துன்னா வராது, தொட்டா வராது, கட்டிப் புடிச்சா வராது. ரத்தத்துலதான் பரவும். சோத்துல பரவாது. நாளைக்கு இவ கொழந்தைக்குப் பாலு குடுப்பா, அதுலயும் வராது. ஊசி மட்டும் போட்டுடணும். ஆமா, சட்னிய இன்னா இப்பிடி தாளிக்காம வெச்சிகீறீங்க?"

அன்று மதியமே எங்கள் வீட்டில் கடுகு வெடித்தது.

பிள்ளை பிறந்தது செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு மதிய வேளையில். பெண். நர்சம்மாவுக்குப் போன் போட்டேன். வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. "மணி என்னா?" என்றார்.

"ஜாதகத்துக்கா நர்சம்மா?"

"ஊசிக்குடா! அதத்தான் முதல்ல கேக்கணும்."

குழந்தையைக் கையில் வாங்கிய அம்மாவின் முகம் மாறியது. "இன்னிக்கு நவமிடா. நாளைக்கு ஆவட்டும். கொழந்த இன்னும் கண்ணு கூட முழிக்கல." குழந்தையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டார். ஊசி போட வந்த நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அம்மாவை எதிர்த்து நான் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"அம்மா, நாளைக்கு நல்ல நாள்தான். கிருமிக்கு அது தெரியாது. ஏழு புள்ளைங்களுக்கு நைனா ஒரே கத்தியில மழிச்சாரே, அன்னிக்கும் நல்ல நாள் பாத்துதான மழிச்சாரு? இவளுக்கு வந்தது போதும். என் பொண்ணுக்கு வாணாம்."

என் குரல் ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா சுவர் பக்கமிருந்து திரும்பினார். பிறகு குழந்தையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தார். எடுத்துவிட்டு அந்த நர்சிடம், கண்டிப்பான குரலில், "புது ஊசியா? கண்ணு முன்னால பிரி" என்றார்.

அந்த நர்சுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்க திருக்கழுக்குன்றம் பக்கமா? அந்த நர்சம்மா ஆளுங்களா?" என்றார். பிரித்துக் காட்டினார். ஒரு தொடையில் ஒன்று, மறு தொடையில் ஒன்று. குழந்தை அழுத அழுகையில் கண் நன்றாகவே திறந்துகொண்டது.

அதற்குப் பிறகு ஒன்றரை, ரெண்டரை, மூணரை. ஒரு நாள் தவறவில்லை. மூணரை மாத ஊசியோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, குழந்தைக்கு ஒன்பது மாதம் தாண்டின பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் நர்சம்மா. அந்த ஆறு மாதமும் நான் மகளைக் கொஞ்சும்போதெல்லாம் பாதி மனசோடுதான் கொஞ்சினேன். என் மனைவி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் ஈரலைப் பரிசோதித்துக்கொண்டு வந்து, கூந்தலில் பூ வைத்துக்கொண்டு சாதாரணமாக இருந்தாள். எனக்குத்தான் தூக்கம் வராது.

பத்தாவது மாதத்தில் ரத்தம் எடுத்தார்கள். முடிவை ஒரு கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். செங்கல்பட்டில் பஸ் ஏறியதிலிருந்து அந்தக் கவர் என் சட்டைப் பையில் இருந்தது. மனைவி மடியில் குழந்தை தூங்கியது. "பிரியேன்" என்றாள் இரண்டு தடவை. கையை வைப்பேன், எடுத்துவிடுவேன். எங்கள் ஊரில் இறங்காமல், அதே பஸ்ஸில் மேலே போய், நர்சம்மா இருக்கிற துணை சுகாதார நிலையத்துக்கு முன்னால் இறங்கினோம்.

ஒட்டிய கவரை நீட்டினேன்.

"ஏண்டா, வழியிலயே பிரிச்சுப் பாக்கறதுதான? இவ்ளோ தூரம் அப்பிடியேவா எடுத்துகினு வந்த?"

"உங்க கண்ணு முன்னால பிரிக்கலாம்னு..." என்றேன்.

வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களைப் பிரிக்கச் சொன்ன அந்த அம்மாவுக்கு அன்று கவரைப் பிரிக்க வரவில்லை. ஓரத்தைக் கிள்ளினார், விரல் வழுக்கியது. கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி கிள்ளினார். கடைசியில் என் மனைவிதான் பிடுங்கி, சரக்கென்று கிழித்துக் கொடுத்தாள். நர்சம்மா ஒரு தடவை படித்தார். வாசல் வெளிச்சத்துக்குப் போய் இன்னொரு தடவை படித்தார். உள்ளே வந்து மூன்றாவது தடவை, விரலை வைத்து, எங்களுக்குக் காட்டிக்காட்டிப் படித்தார். கிருமி இல்லை. ஊசி பிடித்திருக்கிறது.

நான் அந்த நிலையத்தின் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். ஊசி போட வந்திருந்த ஒரு குழந்தை என் அழுகையைப் பார்த்துத் தன் அழுகையை நிறுத்திவிட்டது.

பதினோராம் மாதம் என் மகளுக்கு மொட்டை. அதே சவுக்குத் தோப்பில்தான் எங்கள் குலதெய்வமும், நான்கு மரம் தள்ளி. வேறு ஆளைக் கூப்பிடு என்று எல்லாரும் சொன்னார்கள், பெத்த பிள்ளைக்குக் கத்தி வைத்தால் கை நடுங்கும் என்று. நான் கேட்கவில்லை.

நர்சம்மா வந்தார். சீர்த்தட்டில் வளையலுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் பிளேடு பாக்கெட்டை வைத்தார். வழக்கம்போல வந்து எனக்கு எதிரே, கைகளைக் கட்டிக்கொண்டு, வெயிலில் நின்றார். காலடியில் பால் பவுடர் டப்பா. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து சவுக்கு மரக் காற்றை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது.

பாக்கெட்டை எடுத்தேன். பழக்க தோஷம், அவர் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நர்சம்மா, பிரிக்கறேன். பாருங்க."

"நான் எதுக்குப் பாக்கணும்? அதான் நீ கீறியே" என்றார், திரும்பாமலே.

எனக்குக் கண் மறைத்துவிட்டது. பிளேடும் தெரியவில்லை, குழந்தையும் தெரியவில்லை. "இன்னா மச்சான், தல காஞ்சி போவுது" என்று மச்சான் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரித்தேன். ஒடித்தேன். பாதியைச் செருகினேன். என் கை நடுங்கவில்லை. ஒரு கீறல் இல்லை. பாதி மொட்டையிலேயே மகள் தூங்கிவிட்டாள்.

மழித்த முடியை அம்மா தட்டில் வாங்கிக்கொண்டார். நான் கத்தியிலிருந்த பாதியைக் கழற்றி டப்பாவில் போட்டேன். டங்.

நர்சம்மா இன்னும் கடல் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் காது இந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. நான் வேண்டுமென்றே சும்மா இருந்தேன். மேளக்காரர் குச்சியைத் தூக்கினார், இறக்கினார். நர்சம்மாவின் கால் விரல் மணலைக் கிளற ஆரம்பித்தது. கழுத்து மெதுவாகத் திரும்பப் பார்த்தது. திரும்பவில்லை. பெரிய பாடுதான் பட்டார், பாவம்.

காகிதத்திலிருந்த மறு பாதியை எடுத்துப் போட்டேன். டங்.

"ஆங்" என்று திரும்பி, இரண்டு கைகளையும் நீட்டினார். "இப்ப குடு கொழந்தைய."